சட்டைப் பைக்குள் நாட்குறிப்பும் பாட்டுப் பெட்டியும்

ஒருவரின் தொலைபேசி எண்ணைத் தேடி எடுக்க ஐந்து நொடி போதும். ஒரு பாட்டுக் கேட்க ஐந்து நிமிடம். ஒரு படம் பார்க்க இரண்டரை மணி நேரம். இன்று மூன்றும் ஒரே கைப்பேசியில் நடப்பதால் இவை வெவ்வேறு வகை வேலைகள் என்றே நமக்குத் தோன்றுவதில்லை. ஆனால் 1996இல் தொடங்கி ஏறத்தாழ பத்தாண்டு காலம், பி.டி.ஏ. எனப்பட்ட கைக்கணினிகளைச் செய்து விற்றவர்கள் இந்த வேறுபாட்டோடுதான் மல்லுக்கட்டினார்கள். நாட்குறிப்பு வேலைக்கு எந்தெந்தக் குணங்கள் அந்தக் கருவியை அருமையாக்கினவோ, அவையே பாட்டுக்கும் படத்துக்கும் முட்டுக்கட்டையாக நின்றன. பாட்டுக்காகச் செய்த மாற்றங்கள் நாட்குறிப்பைக் கெடுத்தன.

பெர்சனல் டிஜிட்டல் அசிஸ்டென்ட் என்ற பெயரை 1992இல் ஊரறியச் சொன்னவர் அன்றைய ஆப்பிள் தலைவர் ஜான் ஸ்கல்லி. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஆப்பிளின் நியூட்டன் மெசேஜ்பேட் 699 டாலருக்குக் கடைக்கு வந்தது. நாம் எப்படிக் கிறுக்கினாலும் படித்துப் புரிந்துகொள்ளும் என்றார்கள். படித்தது, தப்பும் தவறுமாக. பத்திரிகைச் சித்திரத் தொடரிலும் தொலைக்காட்சியிலும் கிண்டலடித்துத் தீர்த்தார்கள். பிற்பாடு அதன் எழுத்தறியும் திறன் நன்றாகவே தேறியது, ஆனால் வாங்கிய கெட்ட பெயர் போகவில்லை. போதாக்குறைக்கு அது எந்தச் சட்டைப் பையிலும் நுழையாத அளவு. 1998 பிப்ரவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் அந்தத் திட்டத்தையே இழுத்து மூடினார்.

பாம் நிறுவனத்தை 1992இல் தொடங்கிய ஜெஃப் ஹாக்கின்ஸும் முதலில் இதே பள்ளத்தில்தான் விழுந்தார். கேசியோ, டாண்டி நிறுவனங்களோடு சேர்ந்து ஸூமர் என்றொரு கைக்கணினி வந்தது, அதன் நாட்குறிப்பு மென்பொருள் பாமுடையது. கனம், மந்தம், விலையும் அதிகம். விற்கவில்லை. ஆனால் அதை வாங்கிய சிலரிடம் பேசிப் பார்த்ததில் ஒரு விஷயம் தெளிவானது. அவர்கள் யாரும் மேசைக் கணினிக்கு மாற்றுத் தேடவில்லை. காகித டைரிக்கு மாற்றுத் தேடினார்கள். நமக்குப் போட்டி காகிதம்தான் என்று ஹாக்கின்ஸ் முடிவு கட்டினார். என் கணிப்பில் பி.டி.ஏ. வரலாற்றிலேயே மிகச் சரியான முடிவு அதுதான். காகித டைரியைத் திறக்க யாரும் காத்திருப்பதில்லை, அதை மின்சாரத்தில் செருகுவதும் இல்லை.

அடுத்த கருவிக்கு அவர் நான்கு நிபந்தனை விதித்தார். சட்டைப் பையில் அடங்க வேண்டும், விலை 299 டாலருக்கு மேல் போகக்கூடாது, மேசைக் கணினியோடு தகராறில்லாமல் ஒத்துப்போக வேண்டும், எடுத்தவுடன் பயன்பட வேண்டும். அளவு சரிதானா என்று பார்க்க ஒரு மரக்கட்டையை வெட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அலைந்தார். யாராவது சந்திக்க நேரம் கேட்டால் கட்டையை எடுத்து, சீவிய சாப்ஸ்டிக் குச்சியால் அதைத் தட்டிப் பார்ப்பார். கூட இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ! அந்தக் கட்டை இப்போது கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரில், கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கருவியைத் தயாரிக்கும் அளவுக்குப் பணம் இல்லாததால் பாம் 1995இல் மோடம் நிறுவனமான யு.எஸ். ரோபாட்டிக்ஸுக்குக் கை மாறியது. 1996இல் பைலட் 1000 வந்தது. விலை 299 டாலர், எடை சுமார் 160 கிராம், நினைவகம் 128 கிலோபைட். 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் மோட்டரோலா டிராகன்பால் சிப்பு, 160க்கு 160 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைத் திரை. அந்த நாளைய கணக்கிலேயே இது சொற்பம்தான். டிவி ரிமோட்டுக்குப் போடும் சின்ன பென்சில் பேட்டரி இரண்டு போட்டால் வாரக்கணக்கில் ஓடியது. பைலட் பேனா நிறுவனம் வழக்குப் போட்டதில் பெயர் பாம்பைலட் ஆகி, பிறகு வெறும் பாம் ஆனது. நம்மூரில் எந்தக் கம்பெனிக் கைக்கணினியைப் பார்த்தாலும் பாம்டாப் என்று சொல்கிற பழக்கம் வெகுகாலம் இருந்தது.

அது உள்ளே எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

முன்பக்கத்தில் நான்கு பொத்தான்கள்: நாட்காட்டி, முகவரி, செய்ய வேண்டியவை, குறிப்பேடு. கருவி அணைந்திருந்தாலும் நாட்காட்டிப் பொத்தானை அழுத்தினால் அதுவே உயிர்பெற்று இன்றைய பக்கத்தைக் காட்டும். பத்து மணிக் கோட்டைத் தட்டி, பல் டாக்டர் என்று எழுதினால் முடிந்தது. சேமிக்கவா என்று கேட்காது. சேமிக்கும் பொத்தானே கிடையாது. காரணம் எளிது. அதில் ஹார்ட் டிஸ்க் என்ற வட்டு இல்லை. நிரல் நினைவகத்தில் இருந்த இடத்திலேயே ஓடியது, தகவல் ரேம் என்ற, மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே அழியாத நினைவகத்தில் இருந்தது. ஓரிடத்திலிருந்து ஏற்றி இன்னோரிடத்தில் சேமிக்கும் வேலையே அங்கு இல்லை. நாம் அணைப்பதாக நினைக்கும்போது உண்மையில் சிப்பு உறங்கப் போகும். ரேம் மட்டும் சொட்டு மின்சாரத்தில் விழித்திருக்கும். பேட்டரி மாற்றும் நேரத்தைச் சமாளிக்க உள்ளே ஒரு மின்தேக்கி உண்டு. புது பேட்டரியைக் கையில் தயாராக வைத்துக்கொண்டுதான் பழையதைக் கழற்ற வேண்டும், ஒரு நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் எல்லாம் அழிந்துவிடும். இந்தப் பலவீனத்தைக் கதையில் பிறகு மறுபடி சந்திப்போம்.

திரையை வடிவமைத்த ராப் ஹைட்டானி, ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை தட்டு தேவை என்று எண்ணிப் பார்த்தவர். புதிய சந்திப்பைச் சேர்ப்பது அடிக்கடி நடப்பது, எனவே அதற்கான பொத்தான் திரையிலேயே இருக்கும். அழிப்பது எப்போதோ நடப்பது, அது உள்ளே தள்ளி வைக்கப்பட்டது. மேசைக் கணினி மென்பொருளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் சமமாக உட்கார்ந்திருக்கும். பார்வைக்கு அது ஒழுங்கு, சின்னத் திரையில் அது வீண்.

எழுதும் முறைக்கு கிராஃபிட்டி என்று பெயர். நியூட்டன் நம் கையெழுத்தைக் கற்க முயன்றது. பாம் நம்மைக் கற்கச் சொன்னது. ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் பேனாவைத் தூக்காமல் ஒரே இழுப்பு. ‘ஏ’ என்றால் குறுக்குக் கோடு போடாமல் கூரை போல ஒரு வளைவு. ‘டி’ (T) என்றால் மேலே இடமிருந்து வலமாக ஒரு கோடு, அப்படியே கீழே. திரைக்கு அடியில் தனிப் பட்டை இருந்தது; இடப்பாதி எழுத்துக்கு, வலப்பாதி எண்ணுக்கு. இந்தப் பிரிவினையால் ஓவா பூஜ்யமா என்ற குழப்பமே எழவில்லை. கணினி எதைச் செய்யத் திணறுகிறதோ அதை மனிதன் அரைமணி நேரம் பழகிச் சரிக்கட்டிவிடலாம் என்பதுதான் இதன் சூட்சுமம். ஜெராக்ஸ் நிறுவனம் தன்னிடம் இதே மாதிரி ஒற்றை இழுப்பு முறைக்குக் காப்புரிமை இருக்கிறது என்று 1997இல் வழக்குத் தொடுத்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. நடுவில் பாம் கிராஃபிட்டி 2 என்ற வேறு முறைக்கு மாறியது. அதில் சில எழுத்துகளுக்கு இரண்டு இழுப்பு வேண்டும். பழைய ஆட்கள் முணுமுணுத்தார்கள், நியாயமான முணுமுணுப்புதான்.

கணினியோடு ஒத்திசைப்பதற்கு ஹாட்சிங்க். தொட்டிலில் கருவியைச் செருகி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஒவ்வொரு பதிவிலும் ‘கடைசி ஒத்திசைவுக்குப் பிறகு மாறியது’ என்றொரு சிறு கொடி இருக்கும். கொடி ஏறிய பதிவுகள் மட்டும் கை மாறும். ஒரே பதிவை இரு பக்கமும் மாற்றியிருந்தால்? எது சரி என்று ஊகிக்காமல் இரண்டையும் வைத்துக்கொள்ளும், வேண்டாததை நாமே நீக்க வேண்டியது. முகவரிகளைப் பதினைந்து வகைகளாகப் பிரிக்கலாம், அதற்கு மேல் முடியாது. ஒரு குறிப்பு ஏறத்தாழ 4 கிலோபைட்டுக்குள் முடிய வேண்டும். இப்படி எங்கு தொட்டாலும் ஒரு வரம்பு. ஆனாலும் வேலை நடந்தது. 1998இல் வந்த பாம் த்ரீயில் அகச்சிவப்புக் கதிர் வழியாக விசிட்டிங் கார்டை எதிரில் இருப்பவரின் கருவிக்கு அனுப்பும் வசதி சேர்ந்தபோது, அது அலுவலகக் கூட்டங்களில் ஒரு சடங்காகவே ஆனது.

2000 மார்ச் 2 அன்று பாம் பங்குச் சந்தையில் நுழைந்தது. 38 டாலருக்கு விற்ற பங்கு முதல் நாள் முடிவில் 95 டாலரைத் தாண்டியிருந்தது. நாட்குறிப்புக் கருவி ஒன்றைச் செய்கிற கம்பெனிக்கு அன்று ஜெனரல் மோட்டார்ஸைவிட மதிப்பு அதிகம். டாட்காம் காலத்துப் பைத்தியம்தான். ஆனால் அந்த விலைக்குள் ஒரு எதிர்பார்ப்பும் இருந்தது: இந்தக் கருவி இத்தோடு நிற்காது, எல்லாமாக ஆகும்.

பாட்டும் படமும் நுழைந்த கதை இங்கே தொடங்குகிறது.

அதுவரை பாமில் பொழுதுபோக்கு என்றால் பெரும்பாலும் எழுத்துதான். மின்னூல் படிக்கலாம். அவன்ட்கோ என்ற மென்பொருள் செய்தித் தளங்களைச் சுருக்கி, ஹாட்சிங்க் நேரத்தில் ஏற்றிக் கொடுக்கும். ரயிலில் போகும்போது படிக்கலாம். ஒலி என்றால் கீச் என்ற மணிச் சத்தம் மட்டும். ஒரு எம்பி3 பாட்டை விரித்து இசையாக்கும் கணக்கு அந்தச் சிப்புக்கு எட்டாத ஒன்று. 2001இல் சோனி தன் கிளியே வரிசையில் என்710சி என்ற கருவியைக் கொண்டுவந்தபோது இதைச் சுற்றிக்கொண்டு போனது. முக்கியச் சிப்பு அதே டிராகன்பால்தான், 33 மெகாஹெர்ட்ஸ். பாட்டுக்கென்று தனியாக இன்னொரு சிப்பு வைத்தார்கள். திரையும் 320க்கு 320 புள்ளிகளாகக் கூர்மையானது. டைரியோடு ஒரு வாக்மேனைச் சேர்த்துத் தைத்தது போன்ற ஏற்பாடு, ஆனால் தையல் கச்சிதம். அடுத்த ஆண்டு வந்த என்ஆர்70வியில் மடக்கித் திருப்பும் திரை, விசைப்பலகை, 1 லட்சம் பிக்சல் கேமரா. 2003இல் என்இசட்90: 2 மெகாபிக்சல் கேமரா, ஃபிளாஷ், எல்லாம் உண்டு, எடை மட்டும் பைலட்டைப் போல் இரு மடங்கை நெருங்கியது. சட்டைப் பை என்ற முதல் நிபந்தனை அங்கேயே காற்றில் போனது.

மறுபக்கம் மைக்ரோசாஃப்ட். 2000இல் பாக்கெட் பி.சி. என்ற பெயரில் அதன் மென்பொருள் வந்தது. காம்பாக் ஐபேக் அதன் கொடிபிடித்த கருவி. 206 மெகாஹெர்ட்ஸ் ஸ்ட்ராங்ஆர்ம் சிப்பு, 32 மெகாபைட் ரேம், வண்ணத் திரை. தனிச் சிப்பின் துணையில்லாமலே எம்பி3 பாடியது, வீடியோ ஓட்டியது. பாம்காரர்கள் கிண்டலாகப் பார்த்தாலும் உள்ளூரப் பொறாமைப்பட்டிருப்பார்கள். ஆனால் அதைத் தினமும் சார்ஜ் செய்ய வேண்டும். இங்கேதான் அந்தப் பழைய பலவீனம் பல்லைக் காட்டியது. ஐபேக்கிலும் முகவரிகள், குறிப்புகள் எல்லாம் ரேமில்தான் இருந்தன. பேருந்துப் பயணம் முழுக்கப் பாட்டுக் கேட்டு, இரவு சார்ஜில் போட மறந்து, இரண்டு நாள் மேசை டிராயரில் விட்டுவிட்டால் கருவி பிறந்த நாள் நிலைக்குத் திரும்பியிருக்கும். கேட்ட பாட்டு மெமரி கார்டில் பத்திரமாக இருக்கும், மாமனாரின் தொலைபேசி எண் இருக்காது. பொழுதுபோக்கு தின்ற மின்சாரத்துக்கு நாட்குறிப்பு பலியானது. மைக்ரோசாஃப்ட் 2005இல் விண்டோஸ் மொபைல் 5 கொண்டுவந்த பிறகே இந்தத் தொல்லை தீர்ந்தது.

பாம் 2002இல் ஐபேக்கைப் போல ஆர்ம் வகைச் சிப்புக்கு மாறியது. பாம் ஓ.எஸ். 5 என்ற இயக்க மென்பொருள், டங்ஸ்டன் டி என்ற கருவி. அதற்குப் பிறகு பாட்டு, படம் எல்லாம் பாமிலும் ஓடின. ஆனால் படம் பார்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. டிவிடி வட்டில் இருக்கும் படத்தை மேசைக் கணினியில் சிறிய அளவுக்குச் சுருக்க வேண்டும்; அதற்கே படம் ஓடும் நேரத்தைவிட அதிகம் பிடிக்கும். நொடிக்கு 250 கிலோபிட் என்று கஞ்சத்தனமாகச் சுருக்கினாலும் இரண்டு மணி நேர ஆங்கிலப் படம் சுமார் 225 மெகாபைட் வரும். 256 மெகாபைட் கார்டில் அது அடங்கிவிடும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் 280ஐத் தாண்டும். பாட்டுகளையோ கிளைமாக்ஸையோ வெட்டினால் ஒழிய அடங்காது. எதை வெட்டுவது என்பதில் வீட்டுக்கு வீடு கொள்கை வேறுபடும்! டிசிபிஎம்பி என்ற இலவச பிளேயர் வந்த பிறகு எக்ஸ்விட் என்ற சுருக்கிய வீடியோ கோப்புகளை நேராகவே ஓட்ட முடிந்தது, பெரிய நிம்மதி. பாட்டுக்குக் கணக்கு எளிது: நொடிக்கு 128 கிலோபிட் எம்பி3 என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 மெகாபைட். 64 மெகாபைட் கார்டில் ஒரு மணி நேரம். 2001 கடைசியில் வந்த ஆப்பிள் ஐபாடில் அதே வேளை 5 ஜிகாபைட் வட்டு இருந்தது. யாரோடு போட்டி போடப் போகிறோம் என்று பி.டி.ஏ. கம்பெனிகள் அப்போதே யோசித்திருக்கலாம்.

யோசித்ததன் விளைவுதான் 2005 மே மாதம் 499 டாலருக்கு வந்த பாம் லைஃப்டிரைவ். 4 ஜிகாபைட் கொள்ளும், தீப்பெட்டியைவிடச் சின்ன ஹார்ட் டிஸ்க் உள்ளே சுழன்றது. வைஃபை, புளூடூத், 320க்கு 480 வண்ணத் திரை, 416 மெகாஹெர்ட்ஸ் சிப்பு. காகிதத்தில் படித்தால் வாயூறும். கையில் எடுத்து நாட்காட்டிப் பொத்தானை அழுத்திப் பார்த்தால் தெரியும் சங்கதி. உறங்கும் வட்டு எழுந்து சுழன்று, நாட்காட்டி நிரலை ரேமுக்கு ஏற்றி, அதற்குப் பிறகுதான் திரை மாறும். பைலட்டைப் போல இருபத்தைந்து மடங்கு வேகமான சிப்பு இருந்தும், அதைவிடத் தாமதமாக டைரி திறந்தது. நிரல் இருந்த இடத்திலேயே ஓடும் என்ற அடித்தளத்தின் மேல் கட்டிய மென்பொருளை, நிரல் தூரத்தில் கிடக்கும் கருவியில் பொருத்தியதால் வந்த வினை. பொறுமையிழந்த சிலர் கருவியைப் பிரித்து, வட்டை எடுத்துவிட்டு காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டைச் செருகினார்கள். வேகம் கூடியது. கம்பெனி செய்திருக்க வேண்டியதைப் பயனர்கள் செய்தார்கள்.

ஃபிளாஷுக்கு மாறுவதும் வலியில்லாமல் நடக்கவில்லை. மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தை பாம் 2004இல் டங்ஸ்டன் டி5, தொலைபேசியும் சேர்ந்த ட்ரியோ 650 ஆகிய கருவிகளில் வைத்தது. ஃபிளாஷில் இடம் 512 பைட் துண்டுகளாக ஒதுக்கப்பட்டது. முகவரிப் பதிவு பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது பைட்தான் இருக்கும், ஆனாலும் முழுத் துண்டைப் பிடித்துக்கொள்ளும். பழைய கருவியில் சுகமாக இருந்த தகவல் புதிய கருவியில் அடங்கவில்லை. புகார் குவிந்ததும் ட்ரியோ வாங்கியவர்களுக்கு மெமரி கார்டை இலவசமாகக் கொடுத்துச் சமாளித்தார்கள். பிற்பாடு மென்பொருளிலும் திருத்தினார்கள். படக் கோப்புக்கு 512 பைட் ஒரு பொருட்டே இல்லை. சின்னச் சின்னப் பதிவுகளால் ஆன டைரிக்கு அது பெரும் பாரம்.

இதே காலத்தில் பெங்களூரில் முற்றிலும் வேறு திசையில் ஒரு முயற்சி நடந்தது. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் சாஃப்ட்வேர் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கிய சிம்ப்யூட்டர். ஐபேக்கில் இருந்த அதே ஸ்ட்ராங்ஆர்ம் சிப்பு, லினக்ஸ் என்ற இயக்க மென்பொருள். கிராமத்தில் ஆளுக்கொன்று வாங்க முடியாது, எனவே கருவி பொது, ஸ்மார்ட் கார்டு மட்டும் ஆளுக்கு ஒன்று. கார்டைச் செருகினால் அவரவர் தகவல் வரும். ஒலி இங்கே பொழுதுபோக்குக்கு அல்ல, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இந்திய மொழிகளில் வாசித்துக் காட்டுவதற்கு. டைரியும் ஒலியும் சண்டையில்லாமல் கைகோத்த அபூர்வமான வடிவமைப்பு என்று இதைச் சொல்வேன். 2004இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் அமிடா சிம்ப்யூட்டராகக் கடைக்கு வந்தது, மணிக்கட்டை அசைத்தால் பக்கம் திருப்பும் வசதி உட்பட. எதிர்பார்த்தபடி விற்கவில்லை. செல்போன் விலை சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

கடைசியில் எல்லாக் கைக்கணினிகளையும் விழுங்கியது அந்தச் செல்போன்தான். பாமை விட்டு 1998இல் வெளியேறி ஹேண்ட்ஸ்பிரிங் தொடங்கிய ஹாக்கின்ஸும் கூட்டாளி டோனா டுபின்ஸ்கியும் ட்ரியோ என்ற பெயரில் கைக்கணினிக்குள் தொலைபேசியை வைத்தார்கள். 2003இல் பாமே அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. சோனி 2004இல் ஜப்பானுக்கு வெளியே கிளியேயை நிறுத்தி, மறு ஆண்டு உள்ளூரிலும் கடையைக் கட்டியது. 2007இல் ஐபோன். 2010இல் எச்.பி. 120 கோடி டாலருக்கு பாமை வாங்கி, ஓராண்டு கழித்துக் கருவித் தயாரிப்பையே கைவிட்டது.

ஐபோனும் டைரிக்கும் படத்துக்கும் இடையிலான முரணைத் தீர்த்துவிடவில்லை. தினமும் இரவு சார்ஜ் போட வேண்டும், அதில் பேரமே இல்லை. வாரக்கணக்கில் ஓடும் பேட்டரியை ஒரு காலத்தில் அடிப்படை நிபந்தனையாக நினைத்த அதே மக்கள், தொலைபேசி என்று வந்ததும் முணுமுணுக்காமல் ஒப்புக்கொண்டார்கள், ஏனென்றால் செல்போனை இரவில் சார்ஜரில் மாட்டும் பழக்கம் ஏற்கெனவே வந்துவிட்டது. அந்த ஒரு பழக்கம் கிடைத்ததும் பெரிய திரை, வேகச் சிப்பு, வீடியோ எல்லாவற்றுக்கும் கதவு திறந்துகொண்டது. டைரி மட்டும் பின்னிருக்கைக்குப் போனது. இன்று ஒரு சந்திப்பைக் குறிக்கப் பூட்டைத் திறந்து, வந்து குவிந்த அறிவிப்புகளைத் தாண்டி, செயலியைத் தேடி, கூட்டல் குறியைத் தட்டி, நேரச் சக்கரத்தைச் சுழற்றி, சேமி என்று அழுத்த வேண்டும். ஹைட்டானி எண்ணிப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்.

பழையதை ஒருமுறை தட்டிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு வழி இருக்கிறது. பழைய கருவியைப் போலவே நடந்துகொள்ளும் கிளவுட்பைலட் என்ற எமுலேட்டர் பிரவுசரிலேயே ஓடுகிறது; இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகம் 2022இல் பழைய பாம் மென்பொருள்களைத் திரட்டி அப்படியே இயக்கிப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. உண்மையான கருவியைத் தேடி வாங்குவதாக இருந்தால் பென்சில் பேட்டரி மாடலாகப் பார்த்து வாங்குவது நல்லது. பாம் வி போன்றவற்றில் பேட்டரி உள்ளே வைத்து ஒட்டப்பட்டது, இத்தனை ஆண்டில் அது செத்திருக்கும். 64-பிட் விண்டோஸில் யு.எஸ்.பி. வழி ஹாட்சிங்க் செய்ய பாம் டிரைவர் தரவில்லை, சுற்றுவழிதான். தேதியைப் பொறுத்தவரை இன்னும் கொஞ்ச காலம் கவலையில்லை. ஆண்டைக் குறிக்க ஏழு பிட் ஒதுக்கி, 1904இலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். அதனால் பாம் நாட்காட்டி 2031 டிசம்பர் 31 வரை ஓடும்.